கட்டைவிரல் கியர்

ஜூன் 4

இதற்கு வெல்டிங் என்று பெயர் வைத்தவன் நாக்கில் கொப்புளம் வரட்டும். காஜா இன்று காலை ஒரு கியர் நெம்புகோலைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். ஜன்னல் கம்பியை வளைத்து, பற்பசையைப் பிதுக்கியதுபோல் உலோகத்தைப் பிதுக்கி ஒட்டியிருக்கிறார்கள். நுனியில் ஏதோ அலமாரியிலிருந்து பிடுங்கிய பிளாஸ்டிக் குமிழ். அதை என் மேசையில் வைக்கவே எனக்குக் கூசியது. கீழே ஒரு பழைய தினசரியை விரிக்கச் சொன்னேன்.

"யாரு பண்ணது இது?"

"அவிநாசி ரோட்டுல ஒரு பட்டறைங் சார். மூணாம் நாளே கையோட வந்துருச்சு."

"மூணு நாள் தாங்குச்சா? அதிசயந்தான்."

காஜாவுக்கு உக்கடத்தில் மோட்டார் சைக்கிள் ஒர்க் ஷாப். கடையில் கிடைக்காத பாகம் எதுவானாலும் என்னிடம் வருவார். எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் கார் நிற்க வேண்டிய இடத்தில் என் சிஎன்சி மில் நிற்கிறது. கணினியில் வரைந்து கொடுத்தால் அலுமினியக் கட்டியைச் சீவிச் சீவி வேண்டிய உருவத்தை எடுத்துத் தரும். இந்த ஊரில் நூறு பட்டறையில் இதைவிடப் பெரிய மெஷின் இருக்கிறது. அவற்றை ஓட்டுகிறவர்களுக்கு வரையத் தெரியாது. வரையத் தெரிந்தவர்களுக்கு ஓட்டத் தெரியாது. இரண்டும் தெரிந்தவன் போர்ட்டிகோவில் உட்கார்ந்திருக்கிறான். நாடு இப்படித்தான் இருக்கிறது.

காஜாவின் வாடிக்கையாளர் ஒருவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. மோட்டார் சைக்கிளில் கியர் இடது காலில்தான். ஆகவே கையால் கியர் மாற்றும்படி செய்து தர வேண்டும்.

"ஸ்கூட்டர் ஓட்டலாமே. கியரே இல்லையே."

"பையன் பக்கத்துல ரெண்டு சக்கரம் வச்ச ஸ்கூட்டர் வாங்கிக் குடுத்திருக்கறானுங். பொம்ம வண்டில ஏற மாட்டேன், என் வண்டியத்தான் ஓட்டுவேன்னு நிக்கறாரு."

அந்த ஒரு சொல்லுக்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது. தன்மானம் உள்ளவர்கள் அருகிவிட்ட காலம். செய்து தருகிறேன் என்றேன். பெயரைக் கேட்டேன். "நம்ம கஸ்டமர்தானுங்" என்று மழுப்பிவிட்டுப் போனார்.

ஜூன் 5

பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் புகார். மில் ஓடும்போது அவர் வீட்டு டிவியில் கோடு விழுகிறதாம். சீரியலில் அந்த மாமியார் அழுகிற நேரமாகப் பார்த்து விழுகிறதாம். கோடு விழுவது அந்த முகத்துக்கு நல்லதுதான் என்றேன். சாந்தாமணி என்னை உள்ளே போகச் சொன்னாள். பிறகு, கார் தெருவில் வேப்பமரத்தடியில் நிற்பதையும், அதன் மேல் காக்கைகள் செய்வதையும் பற்றி அவள் பேசினாள். எனக்கு எதிராக எல்லோரும் ஒன்றுசேர எச்சம் ஒரு காரணம்.

ஜூன் 9

இந்த வேலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜன்னல் கம்பிக்காரன் அதைப் பார்க்கவே இல்லை. கிளட்ச்சும் இடது கையில்தான். நான்கு விரல்களும் கிளட்ச்சைப் பிடித்திருக்கும்போது கியர் மாற்ற மிஞ்சுவது கட்டைவிரல் மட்டுமே. அவன் செய்தது டேங்க் பக்கத்தில் நிற்கும் நெம்புகோல். கிளட்ச்சை விட்டுவிட்டா அதைப் பிடிப்பது?

ஆகவே, கைப்பிடியில் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு சிறிய பலகை. மேலே தள்ளினால் மேல் கியர், கீழே அழுத்தினால் கீழ் கியர். அங்கிருந்து இரண்டு கேபிள்கள். எஞ்சினில் கால்நெம்பு இருந்த இடத்தில் இரண்டு கைகள் உள்ள ஒரு கிராங்க். ஒரு கேபிள் இழுத்தால் கிராங்க் ஒரு பக்கம் திரும்பும், மற்றது இழுத்தால் மறுபக்கம்.

கால் செய்த வேலையைக் கட்டைவிரல் செய்ய வேண்டும். காஜாவுக்குப் போன் போட்டேன்.

"அவரு கட்டைவிரல்ல எவ்வளவு பலம் இருக்குதுன்னு தெரியணும்."

"அதையெப்பிடிங் சார் கேக்கறது?"

"ஒரு கோலி சோடாவக் குடுத்து ஒடைக்கச் சொல்லிப் பாரு."

சாயங்காலம் காஜாவே கூப்பிட்டார். "ரெண்டு பாட்டில் ஒடைச்சுட்டாருங். ஒடைச்சுட்டு, இது அளவே இல்ல, உங்க இஞ்சினியருகிட்டச் சொல்லுன்னு சமையக்கட்டுத் தராசு மேல கட்டைவெரல வச்சு மூணு தடவ அழுத்திக் காட்டினாருங். சராசரி ஒம்பது கிலோவாம்."

சராசரி எடுத்திருக்கிறார். படித்த மனிதர்.

கட்டைவிரல் பலகையைச் சீவும்போது அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஃபிக்ஸ்சர் செய்தேன். ஃபிக்ஸ்சர் என்றாலே எனக்கு வயிறு எரியும். பம்ப் கம்பெனியில் இம்பெல்லர் சக்கரத்தைப் பிடிக்க நான் வரைந்த ஃபிக்ஸ்சருக்கு டெல்லியில் பரிசு கொடுத்தார்கள். மேடையேறி வாங்கியவன் நாச்சிமுத்து. கல்லூரி விடுதியில் ஒரே அறை. கம்பெனியிலும் ஒன்றாகச் சேர்ந்தோம். சட்டைப்பையில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிந்த மேதாவி. அவன்தான் பின்னால் டிசைன் பிரிவுக்குத் தலைவன் ஆனான். என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றிய தாளில் இருந்த கையெழுத்து அவனுடையது. நான் அன்றே வேலையை விட்டேன். வாசல் வரை கூட அவன் வரவில்லை.

சாப்பிடும்போது இதைச் சொன்னேன். "அந்தப் பரிசுல உங்க பேரும் இருந்துச்சுங்களே" என்றாள் சாந்தாமணி.

"ரெண்டாவதா!"

அகர வரிசைப்படி பார்த்தால்கூடச் சென்னியப்பன் என்கிற என் பெயர்தான் நாச்சிமுத்துவுக்கு முன்னால் வர வேண்டும். இதைக் கேட்க ஒரு ஆள் இல்லை.

ஜூன் 13

பலகை முக்கால்வாசி முடிந்திருந்தது. கரண்ட் போனது. மில் நின்ற இடத்தில் கட்டர் உலோகத்துக்குள் சிக்கிக்கொண்டு நிற்க, நான் இருட்டில்லாத பட்டப்பகலில் குருடனைப்போல் நின்றேன். கரண்ட் திரும்ப வந்தபோது மெஷினுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. கட்டி வீண். தாசில்தார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "இப்பத்தான் அமைதியா இருக்குது" என்றார்.

ஜூன் 16

முடித்துவிட்டேன். கையில் வைத்தால் கட்டைவிரல் தானாகவே தன் இடத்துக்குப் போகிறது. வெளிநாட்டில் இப்படி ஒன்று செய்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். இங்கே காஜா அதை லுங்கி மடிப்பில் போட்டுக்கொண்டு போனார்.

ஜூன் 19

திரும்பி வந்துவிட்டது.

"வெளிம்புல பிசிறு இருக்குதுன்னாருங் சார்."

"யாரு சொன்னது?"

"கஸ்டமருங்."

"பிசிறுன்னா என்னன்னு அவருக்குத் தெரியுமா?"

"அதென்னமோ தெரிலீங். ஆனா இருக்குதுன்னுட்டாரு."

காஜாவை அனுப்பிவிட்டு, விளக்கை இழுத்து வைத்து, பூதக்கண்ணாடியை எடுத்தேன். என் வேலையில் பிசிறு! விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன், இல்லை. பலகையின் அடிப்பக்கம், கேபிள் நுழையும் பள்ளத்தின் மூலையில் ஏதோ வெள்ளையாக ஆடியது. ஊதினேன், போகவில்லை. இடுக்கியால் எடுத்தேன்.

ஒரு இழை பஞ்சு.

கோயமுத்தூர் முழுவதிலும், ஏன், இந்தத் தமிழ்நாடு முழுவதிலும் ஒரு பாகத்தின் விளிம்பில் பஞ்சை இழுத்துப் பார்த்து, இழை சிக்கினால் பிசிறு என்று திருப்பி அனுப்புகிறவன் ஒரே ஒருவன்தான்.

ஜூன் 20

மில்லை ஓட்டவில்லை.

ஜூன் 21

காஜாவை வரவழைத்தேன். போர்ட்டிகோவில் ஸ்டூல் போட்டு எதிரே உட்கார வைத்தேன்.

"நாச்சிமுத்து தானே?"

"என்னுங் சார்?"

"அந்த ஒம்பது கிலோக் கட்டைவெரலு. வடவள்ளி நாச்சிமுத்து தானே?"

காஜா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அவருதானுங் சொல்ல வேண்டாம்னாரு. இந்த ஊர்ல இத ஒழுங்காச் செய்யறதுக்கு ஒரே ஆளு, ஆனா என் பேரச் சொன்னா மூஞ்சில எறிஞ்சிருவாருன்னு. எனக்கென்னங் தெரியும், நீங்க ரெண்டு பேரும் பங்காளிகளா?"

பங்காளிகளாம்.

மீதியை அவரே சொன்னார். சர்க்கரை வியாதி. ஜனவரியில் காலை எடுத்தார்கள். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மகன் கௌசிக் பூனாவில் இருக்கிறான். அப்பாவைத் தனியே விட முடியாது, வீட்டைப் பூட்டிவிட்டுக் கூட்டிப்போகிறேன் என்கிறான். இவன் மாட்டேன் என்கிறான். கடைசியில் ஒரு பேச்சு முடிவாகியிருக்கிறது: ஜூலை இருபதாம் தேதி மகன் வரும்போது, அவன் கண்ணெதிரே தனியாக வண்டியை ஓட்டி உழவர் சந்தைக்குப் போய்க் காய் வாங்கித் திரும்பிவிட்டால் இந்த ஊரிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் அதே வாரம் பூனா.

காஜா போன பிறகு சாந்தாமணியிடம், "நாச்சிமுத்துக்குக் கால எடுத்துட்டாங்களாமா" என்றேன். அவள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"தெரியுமுங்க. ஆஸ்பத்திரில போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"எப்போ?"

"ஜனவரில. உங்ககிட்டச் சொன்னா நீங்க டெல்லிக்கதைய ஆரம்பிப்பீங்க. அந்த மனுசன் மயக்கந் தெளிஞ்சும் தெளியாம, சென்னி வந்தானான்னு கேட்டாரு. ஊர்ல இல்லீங்கன்னு சொல்லிப்போட்டேன்."

என் வீட்டிலேயே, எனக்குத் தெரியாமல், என் பெயரில் பொய்!

ஜூன் 22

இந்த வேலையைச் செய்யக் கூடாது என்று முடிவு செய்தேன். பலகையைக் குப்பைக் கட்டிகள் கிடக்கும் டப்பாவில் போட்டேன்.

பிறகு யோசித்தேன். அவன் பூனாவுக்குப் போய்விட்டால்? ஏதோ ஒரு அடுக்குமாடியில் பதினோராவது மாடியில் பேரனுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்துவிடுவான். எனக்குச் சொல்ல வேண்டிய பதிலைச் சொல்லாமலே தப்பிப்பான். அது நடக்க நான் விடுவதா? அவன் இந்த ஊரில்தான் இருக்க வேண்டும். நான் என்றைக்குக் கேட்டாலும் கேட்கிற தூரத்தில் இருக்க வேண்டும்.

டப்பாவிலிருந்து பலகையை எடுத்தேன். பிசிறு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத பிசிறு, ஆனால் இருந்தது. அரத்தால் தேய்த்தால் போதும். ஆனாலும் புதுக் கட்டியில் முதலிலிருந்து செய்யப்போகிறேன். அவன் சொன்னதற்காக இல்லை. அந்தக் கட்டியின் தரமே எனக்குத் திருப்தியில்லை.

ஜூன் 30

பலகை சுழலும் இடத்தில் வெண்கலப் புஷ் போதும். இன்னும் லேசாகச் சுழலட்டும் என்று ஊசி பேரிங் போட்டேன். சர்க்கரை உள்ளவர்களுக்கு விரல் நுனி மரத்துப்போகும் என்று சாந்தாமணி எதற்கோ சொன்னாள். பலகையின் மேல் சொரசொரப்பாக வரி இழுத்தேன். இதெல்லாம் எந்த வேலைக்கும் நான் செய்வதுதான்.

ஜூலை 7

காஜா தன் கடையில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பலகை, கேபிள், கிராங்க் எல்லாம் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். நான் போகவில்லை. போனில் சொன்னார்.

"சார், ஏறுமாறா விழுதுங். மேல தள்ளுனா கீழ் கியர், அழுத்துனா மேல் கியர்."

"நீ கேபிள மாத்தி மாட்டியிருப்பே."

"நீங்க பச்ச, செவப்புன்னு டேப்பு சுத்திக் குடுத்த மாதிரியேதானுங் மாட்டினேன்."

"அப்ப நீ வண்டியத் தலகீழா நிறுத்தியிருப்பே."

போனை வைத்தேன். வரைபடத்தை எடுத்தேன். வரைபடம் சரி. கிராங்க் சரி. எஞ்சினில் கியர் தண்டு திரும்பும் திசையை மட்டும் யாரோ தவறாக எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து என்னுடையதைப் போலத்தான் இருக்கிறது.

ஜூலை 9

கிராங்கைத் திருப்பிப் போட்டால் தீர்ந்தது. நேரம் அதிகம் இல்லாததால் புதிதாக வரையவில்லை. பழைய நிரலையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாக மாற்றிக் கணினியில் ஒரு கட்டளை கொடுத்தேன், மில் அப்படியே ஓடியது. காஜாவிடம் கொடுத்து, "மாட்டு. எதுக்கு மாத்துனோம், என்னன்னு அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்த பேசக் கூடாது. ஏறுமாறா இருந்துச்சுன்னே அவனுக்குத் தெரியக் கூடாது" என்றேன். காஜா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கையைக் காட்டி நிறுத்தினேன்.

ஜூலை 12

காஜா இன்று வடவள்ளிக்கே போய், வீட்டில் நிற்கும் வண்டியில் புதுக் கிராங்கை மாட்டிவிட்டார். நியூட்ரலிலிருந்து அழுத்தினால் ஒரு சொடக்கு, தள்ளினால் ஒரு சொடக்கு, அருமையாக விழுகிறதாம். ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் ஓட்டிப் பார்க்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டிப் பார்ப்பார்கள். எனக்கென்ன.

ஜூலை 14

காப்பித்தூள் வாங்க வடவள்ளிக்குப் போனேன். எங்கள் கணபதியிலேயே காப்பித்தூள் கிடைக்கிறது என்று சாந்தாமணி சொன்னாள். வடவள்ளியில் அரைக்கிற பதம் வேறு.

கடையிலிருந்து திரும்பும்போது நாச்சிமுத்துவின் தெரு குறுக்கு வழி. முனையில் ஒரு டெம்போ நின்றதால் நானும் என் ஸ்கூட்டரை நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கிருந்து பார்த்தால் அவன் வாசல் தெரிந்தது. காஜா வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்திருந்தான். பாதியாக இளைத்துவிட்டான். மயிர் முழுக்க வெளுத்திருந்தது. செயற்கைக் காலுக்கும் ஷூ மாட்டியிருந்தான், அதுவும் பாலிஷ் போட்டு.

காஜா கையை எடுத்தார். வண்டி முக்கி முனகி, மூட்டை ஏற்றிய மாடுபோல் நகர்ந்தது. முதல் கியரில் இப்படி முனகக் கூடாதே என்று நினைத்தேன். வேகம் பிடித்தது. என் பக்கமாகத்தான் வந்தான். அவன் கட்டைவிரல் மேலே தள்ளுவதைப் பார்த்தேன்.

எஞ்சின் கத்தியது. பின்சக்கரம் பிடித்துக்கொண்டு தேய்ந்தது. வண்டி பக்கவாட்டில் வழுக்கிச் சாய, நாச்சிமுத்து தெருவில் கிடந்தான். பாலிஷ் போட்ட ஷூ மட்டும் பாதத்தோடு வேறு திசையில் திரும்பியிருந்தது.

நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை. ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போடாமல் போயிருக்கிறேன். அது விழுந்து காப்பித்தூள் எல்லாம் தெருவில். நான்தான் அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கியிருக்கிறேன். முழங்கையில் ரத்தம். அவன் என்னைப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு அவன் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"நாந்தான் கேபிள மாத்திப் போட்டுட்டேனே, அப்பறம் எப்பிடித் திரும்பவும் ஏறுமாறா விழுது?"

"கேபிள மாத்துனீங்களா? எப்போ?"

"எட்டாந்தேதியே, வண்டி வீட்டுக்கு வந்ததும். மேல தள்ளுனா கீழ விழுதுன்னு காஜா சொன்னான். கைப்பிடிப் பக்கம் ரெண்டு கேபிளையும் எடம் மாத்திட்டேன்."

"நான் கிராங்கையே திருப்பிச் செஞ்சு அனுப்பியிருக்கறேனே!"

"யாரக் கேட்டுங் சார் செஞ்சீங்க?"

"நீங்க யாரக் கேட்டுங் சார் கேபிள்ல கை வச்சீங்க? டிசைன் பண்ணுனவன் நானு!"

"ஓட்டறவன் நானு!"

இரண்டு பேரும் காஜாவைப் பார்த்தோம். அவர் வண்டியை நிமிர்த்திப் பிடித்தபடி நின்றார். "என்னைய எதுக்குங் பாக்கறீங்க? அவருகிட்டச் சொல்லாதேன்னு நீங்க. உங்ககிட்டச் சொல்லாதேன்னு அவரு. ரெண்டு பேரும் பெரிய இஞ்சினியருங்க. நான் வாயத் தொறக்கல."

ஒரு தவறை அவன் திருப்பினான், சரியாயிற்று. சரியானதை நான் திருப்பினேன். மறுபடி அதே தவறு. எஞ்சின் ஓடாமல் நிற்கிற வண்டியில் அது தெரியாது. இந்த வண்டியில் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்தான் நியூட்ரல், எந்தப் பக்கம் போனாலும் ஒரு சொடக்கு விழும். முதல் கியர் என்று நினைத்து இரண்டாவதில் கிளம்பினான். அதனால்தான் முனகியது. மேல் கியர் என்று தள்ளினான். ஓடுகிற வேகத்தில் முதல் கியர் விழுந்தது.

"ஒரு போன் பண்ணிச் சொல்லியிருந்தா என்னடா?" என்று கத்தினான்.

"உன் நம்பர் எங்கிட்ட இருக்குதா?"

"பழைய நம்பர்தாண்டா! மாத்தவேயில்ல!"

காஜாவின் முன்னால், தெருவே பார்த்துக்கொண்டிருக்க, என்னை 'டா' என்றான். இதைக் குறித்துவைக்கிறேன்.

ரத்தம் வழிந்ததால் உள்ளே கூட்டிப்போக வேண்டியதாயிற்று. கையைக் கழுவிவிட்டேன். காலைச் சரியாக மாட்டிக்கொள்ள அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். பிறகு அடுத்த சண்டை. இரண்டு திருத்தங்களில் ஒன்றை எடுத்தாக வேண்டும், ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். எதை? கேபிளை மாற்றிப் போட்டதில் அது ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு வளைவு கூடுதலாக வளைகிறது, உராயும், சீக்கிரம் அறும் என்றேன். அவன் காஜாவை அனுப்பிக் கிராங்கைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னான். சட்டைப்பையிலிருந்து பஞ்சை எடுத்தான். என் கண்ணெதிரே, விளிம்பு நெடுக இழுத்தான்.

மூன்று இடத்தில் சிக்கியது.

"இடவலமா மாத்துன்னு நிரலுக்குக் கட்டள குடுத்துட்டியா?" என்றான்.

உருவத்தைக் கண்ணாடிபோல் திருப்பினால், கட்டர் உலோகத்தைச் சந்திக்கும் திசையும் திரும்பிவிடும். சீவ வேண்டிய இடத்தில் கிழித்திருக்கிறது. இது எனக்கு முன்பே தெரியும். நேரம் இல்லாமல் செய்தது.

"சரி. கேபிள நான் பழையபடி மாத்திக்கறேன்" என்றான் நாச்சிமுத்து. "இந்தக் கிராங்க ஒழுங்கா மறுபடி செஞ்சு குடு."

உத்தரவு போடுகிறான், இன்றும்.

ஜூலை 15

"ரெண்டு பேரும் பேசிட்டீங்களாமா" என்றாள் சாந்தாமணி. காஜா சொல்லியிருக்கிறார்.

"சண்டதான் போட்டோம்."

"அதத்தாங்க சொல்றேன்." பிறகு, "கூட்டத்துல எம்.டி.ய முட்டாள்னு சொன்ன ஆளு நீங்க. வீட்டுக்கு அனுப்பாம ஸ்டோர்ஸோட நிறுத்துனது யாருன்னு ஒருநா அவருகிட்டயே கேளுங்க" என்றாள்.

இவளுக்குத் தொழிற்சாலை நிர்வாகம் தெரியாது. எம்.டி. முட்டாள்தான்.

ஜூலை 17

புதிதாக வரைந்து, கட்டரின் பாதையை முதலிலிருந்து அமைத்து, கிராங்கைச் செய்தேன். காஜாவுக்கு வேலை அதிகம் என்பதால் நானே கொண்டுபோனேன். நாச்சிமுத்து ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து பஞ்சை இழுத்தான். வெளி விளிம்பு, உள் விளிம்பு, துளை, துளையின் மறுபக்கம். நான் மூச்சு விட்டதாக ஞாபகம் இல்லை. மின்விசிறி ஓடாததால் புழுக்கம். பஞ்சைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒரு இழை குறையவில்லை.

"பரவாயில்ல" என்றான்.

பரவாயில்லையாம்! இருபது வருடம் அவனோடு வேலை பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் "பாக்கலாம்" என்பான். "பரவாயில்ல" என்பதை அவன் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பான் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். யாருக்கும் சொல்லி எனக்கு நினைவில்லை. என்ன கருமித்தனம்.

ஜூலை 20

கௌசிக் வந்துவிட்டான். கழுத்தில் ஹெட்போன், கையில் லேப்டாப் பை, முகத்தில் முன்பே எடுத்துவிட்ட முடிவு. கிராங்கில் கடைசியாக ஒரு திருகாணியை இறுக்க வேண்டியிருந்ததால் நான் அங்கே இருந்தேன்.

"அங்கிள், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. போன வாரந்தான் விழுந்திருக்காரு. மறைக்கறாரு, ஆனா முழங்கையப் பாத்தேன். நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா இங்க யாரு இருக்கா?"

"ஏன், இந்த ஊர்ல மனுசனே இல்லியா?" என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாரு? பேரச் சொல்லுங்க அங்கிள்."

நான் திருகாணியை இறுக்கினேன். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

நாச்சிமுத்து வண்டியில் ஏறினான். கிளம்பும் முன், பழையபடி மாற்றிய கேபிள் ஓட்டத்தில் உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டால்தான் தெரியும் என்பதால், நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

"எறங்குடா. தனியாப் போகணும்னு பேச்சு" என்றான் நாச்சிமுத்து.

"நான் ஆளே இல்ல. அளவுக் கருவி. ஓட்டு."

கௌசிக் ஏதோ சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. முனகல் இல்லை. கட்டைவிரல் மேலே போனது, ஒரு சொடக்கு. மறுபடி ஒரு சொடக்கு. நெம்பு தடுமாறவில்லை, கேபிள் உரசவில்லை. மருதமலை ரோட்டில் ஒரு பஸ் எங்களை உரசிக்கொண்டு போக, நான் அவனைத் திட்டினேன், அவன் என்னைத் திட்டினான். சிக்னலில் வலது காலை ஊன்றி, நியூட்ரலைத் தேடாமல் முதல் முயற்சியிலேயே போட்டான்.

"மூணாவதுல எப்பிடி விழுது?" என்று தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"ரோட்டப் பாரு."

"எப்பிடின்னு கேட்டேன்."

"பரவாயில்ல" என்றேன்.

அவன் தோள் குலுங்கியது. சிரித்தானா, மேடு பள்ளமா, தெரியாது.

சந்தையில் முருங்கைக்காயும் பீர்க்கங்காயும் வாங்கினோம். முற்றிய முருங்கைக்காயைப் பொறுக்கினான், மாற்றச் சொன்னேன், மாற்றவில்லை. திரும்பி வந்தபோது கௌசிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். முருங்கைக்காயைப் பார்த்தான். "அங்கிள் பின்னாடி உக்காந்ததெல்லாம் கணக்குல வராது" என்றான்.

"சரி" என்று நாச்சிமுத்து என்னை இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பி, இன்னொரு முறை போனான். கௌசிக்கும் நானும் கேட்டருகே நின்றோம். அவன் போன வழியையே இரண்டு பேரும் பார்த்தோம். இந்த முறை தக்காளி வாங்கி வந்தான். நசுங்கியது ஒன்றுகூட இல்லை.

கௌசிக் வெகுநேரம் தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம், "உங்க நம்பரக் குடுங்க அங்கிள்" என்றான்.

ஜூலை 22

கௌசிக் மட்டும் நேற்று விமானத்தில் போனான். இன்று காலை அவன் பூனாவிலிருந்து போன் செய்து, அப்பா மாத்திரை போட்டாரா என்று என்னைக் கேட்டான். நான் என்ன அவன் வீட்டு வேலைக்காரனா? அதனால் வடவள்ளிக்குப் போன் போட்டேன். நம்பர் மாறவில்லைதான். மாத்திரை போட்டுவிட்டானாம்.

டெல்லி விஷயத்தை அவன் இதுவரை எடுக்கவில்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. வண்டியில் போகும்போது கேட்டால் கவனம் சிதறும் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் விட்டதாக அவன் நினைக்க வேண்டாம். அன்றைக்குத் தெருவில் கொட்டியதால் வீட்டில் காப்பித்தூள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வடவள்ளிக்குப் போக வேண்டியிருக்கிறது. அப்போது கேட்பேன். இல்லாவிட்டால் அதற்கடுத்த ஞாயிறு.

எங்கே போய்விடப் போகிறான்.